வண்டிக்கேற்ற மாடு

“வீட்டில் சங்கீதம் கேட்பதற்கு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க உத்தேசம், எத்தனை வாட் வாங்கலாம்?” என்று நம்மைக் கேட்காத நண்பர்கள் குறைவு. கேள்வி சிறியதுதான். ஆனால், “பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், மாப்பிள்ளை எத்தனை அடி உயரம் இருக்கலாம்?” என்று கேட்பதைப் போன்ற கேள்வி அது. உயரமும் பார்க்க வேண்டிய விஷயந்தான். எனினும், பெண்ணின் குணம் என்ன, அவள் வாழப் போகும் வீடு எப்படிப்பட்டது என்பவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அடிக்கோலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு புறப்படும் தகப்பனாரைப் பற்றி ஊரார் என்ன சொல்வார்கள்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்பதைத் திருவிழாக் காலத்தில் கம்பத்தில் கட்டும் குழாய்க்கும் சொல்கிறோம். அதற்கு மின்சாரம் ஊட்டும் பெட்டிக்கும் சொல்கிறோம். இரண்டும் வெவ்வேறு. காற்றை அசைத்து நம் காதில் ஒலியைச் சேர்ப்பது ஸ்பீக்கர். ரேடியோவிலிருந்தோ, இசைத்தட்டிலிருந்தோ, கைத்தொலைபேசியிலிருந்தோ வரும் மெலிந்த மின்னலையை, ஸ்பீக்கரை அசைக்கத் தக்கபடி வலுவுள்ளதாகச் செய்வது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரை வண்டி என்று வைத்துக்கொண்டால் ஆம்ப்ளிஃபயர் அதை இழுக்கும் மாடு. வண்டி இன்னதென்று தெரியாமல் சந்தைக்குப் போய் மாடு பிடிக்கிற குடியானவன் எந்த ஊரிலும் இல்லை. படித்தவர்களாகிய நாம்தாம் அப்படிச் செய்கிறோம்.

இந்தப் பொருத்தம் பார்க்கும் தொல்லை ஆதியில் இருந்ததில்லை. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர், இன்றைய வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை என்று சொல்லத் தக்க ஒரு கருவியை உலகுக்குத் தெரிவித்தார்கள். காந்தத்தின் இடுக்கிலே ஒரு கம்பிச் சுருள். அந்தச் சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னலை பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசையும். விஷயம் இவ்வளவே. அக்காலத்து ரேடியோப் பெட்டிகளுக்கு அந்தக் கூம்பை அசைக்கச் சக்தி போதவில்லை. ஆகவே, அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயரையும் அவர்களே அமைத்தார்கள். 1926-ல் ‘ரேடியோலா 104’ என்ற பெயரில் அது விலைக்கு வந்தபோது, வண்டியும் மாடும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அந்த ஆம்ப்ளிஃபயரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 1 வாட்!

பிற்பாடு இந்தக் கூட்டுக் குடும்பம் பிரிந்தது. ஆம்ப்ளிஃபயர் ஓரிடத்திலும் ஸ்பீக்கர் ஓரிடத்திலுமாகச் செய்யப்பட்டன. 1947-ல் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் டி. டி. என். வில்லியம்சன் என்பவர் 15 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் அமைப்பை வெளியிட்டார். அதைப் பார்த்துப் பல தேசங்களிலும் ஆர்வமுள்ளவர்கள் தங்கள் கையாலேயே ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டார்கள். அவரவர் விருப்பப்படி இதை இங்கேயும் அதை அங்கேயும் வாங்கி இணைக்கும் சுதந்திரம் வந்தது. சுதந்திரம் வந்தால் பொறுப்பும் கூடவே வரும் அல்லவா? இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்கும் பொறுப்பு, விற்பவரை விட்டு வாங்குபவர் தலையில் விழுந்தது.

வண்டியின் கனம்

ஒரே மாட்டை ஒரு வண்டியில் பூட்டினால் ஓடுகிறது. இன்னொரு வண்டியில் பூட்டினால் தள்ளாடுகிறது. ஸ்பீக்கர்களிலும் இப்படி இலேசானவையும் கனமானவையும் உண்டு. அதை அறிய ஓர் அளவு இருக்கிறது. ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி கேட்கிறது என்று அளந்து, அதை டெசிபல் கணக்கில் குறிப்பார்கள். ஆங்கிலத்தில் ‘சென்ஸிடிவிடி’ என்று சொல்லும் இதை நாம் ‘உணர்திறன்’ என்று வழங்குவோம். அலமாரியில் வைக்கும் சிறு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84-லிருந்து 88 டெசிபல் வரையில் இருக்கும். தரையில் நிற்கும் பெரியவை 90-ஐ ஒட்டி இருக்கும். கொம்பு வாத்தியம் போல் வாய் விரிந்த ஸ்பீக்கர்கள் 100-ஐயும் தாண்டும்.

டெசிபல் என்பது பார்வைக்குச் சாதுவான எண், உள்ளே பொல்லாதது. ஒலியை 3 டெசிபல் உயர்த்த வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபல் உயர்த்த வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படிப் பத்து மடங்கு கொடுத்த பிறகுதான் நம் காது, “சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று” என்று ஒப்புக்கொள்ளும். 50 வாட் பெட்டிக்குப் பதிலாக 100 வாட் பெட்டி வாங்குகிறவருக்கு அதிகப்படியாகக் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. பணமோ கணிசமாகக் கூடுகிறது.

இரண்டு கோடிகளில் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம். 1946-ல் அமெரிக்கரான பால் கிளிப்ஷ் வியாபாரத்துக்குக் கொண்டுவந்த ‘கிளிப்ஷ்ஹார்ன்’ அறையின் மூலையில் பொருந்தி நிற்கும் ராட்சசப் பெட்டி. உணர்திறன் 100 டெசிபலுக்கும் மேல். 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் பி.பி.ஸி. ஸ்தாபனத்தார் தங்கள் வெளி ஒலிபரப்பு வண்டிகளில் வைத்துக்கொள்வதற்காக வகுத்த ‘எல்.எஸ். 3/5ஏ’ என்பது ஒரு கையில் தூக்கிவிடக் கூடிய சிறு பெட்டி. உணர்திறன் சுமார் 83 டெசிபல். குரலின் இயல்பைக் கெடுக்காமல் தருவதில் பெயர் பெற்றது. கிளிப்ஷ்ஹார்ன் 1 வாட்டில் எழுப்பும் ஒலியை இந்தக் குட்டிப் பெட்டி எழுப்ப வேண்டுமானால், நூறு வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு கொடுத்தாலோ தாங்காது. இரண்டும் உயர்ந்த ஸ்பீக்கர்களே. ஆனால், “எத்தனை வாட் வாங்கலாம்?” என்ற ஒரே கேள்விக்கு இவ்விரண்டுக்கும் ஒரே விடை சொல்ல முடியுமா?

கரும்பலகைக் கணக்கு

வகுப்பில் கணக்குப் போடும் பழக்கம் நம்மை விடாது. வாசகர்களும் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடுத்தரக் குடும்பத்தின் கூடம் ஒன்று. பதினைந்து அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம். ஸ்பீக்கர் ஜோடி 87 டெசிபல். கேட்பவர் ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். தூரத்தால் ஒலி குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதாலும் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் கூடும். கூட்டிக் கழித்தால் 5 டெசிபல் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட் கொடுத்தால் அவர் காதில் 82 டெசிபல் விழும். இரவு எட்டு மணிக்கு, அடுத்த வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, மனச்சாட்சியுள்ள மனிதர் ஒருவர் கேட்கும் சராசரி ஒலி 72 டெசிபல் இருந்தால் அதிகம். அதற்கு வேண்டியது 1 வாட்டில் பத்தில் ஒரு பங்கு!

“அப்படியானால் ரேடியோலாவின் 1 வாட்டே போதுமே?” என்று கேட்கலாம். போதாது. சங்கீதம் சமதரையில் ஓடும் வாய்க்கால் அல்ல. தம்புராவின் ரீங்காரம் சன்னமாகப் போய்க்கொண்டே இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் மேல் ஓர் அடி விழும். அந்த ஒரு கணத்தில் ஒலி சராசரிக்கு மேல் 15, 20 டெசிபல் எழும்பிவிடும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். பத்தில் ஒரு பங்கு வாட்டாக இருந்தது அந்தக் கணத்தில் 10 வாட்டாகிறது. இன்னும் உரக்க, கச்சேரி மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பதுபோல், 80 டெசிபல் சராசரியில் கேட்க ஆசைப்பட்டால், அந்த உச்சிக்கு 60 வாட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டியிருக்கும்.

ஆகவே, சாதாரண ஸ்பீக்கரும் சாதாரணக் கூடமும் உள்ளவர்களுக்கு, 40-லிருந்து 60 வாட் வரையில் யோக்கியமாகக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் தாராளமாகப் போதும். ‘யோக்கியமாக’ என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவோம்.

ஓம் என்னும் இரண்டாவது எண்

ஸ்பீக்கரின் பின்புறத்தில் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று ஏதாவது ஓர் எண் போட்டிருக்கும். மின்சாரத்தை அந்த ஸ்பீக்கர் எவ்வளவு தடுத்து நிற்கிறது என்பதைக் காட்டும் எண் இது. தடை குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிடமிருந்து அதிக மின்சாரத்தை அது உறிஞ்சும். 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைப் போல் இரண்டு பங்கு மின்சாரம் கேட்கும். மேட்டில் ஏறும் வண்டி மாட்டின் தோளை அழுத்துவது போன்றது இது. நல்ல மாடு இழுத்துவிடும். நோஞ்சான் மாடு நுரை தள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 8 ஓம் என்று எழுதியிருப்பதால் எந்த ஸ்வரத்திலும் அது 8 ஓமாகவே இருக்கும் என்று எண்ணக் கூடாது. சுருதி ஏற இறங்க இந்தத் தடையும் ஏறி இறங்கும். எழுதிய எண்ணில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் கீழே இறங்கலாகாது என்று சர்வதேச விதி இருக்கிறது. அதன்படி 8 ஓம் ஸ்பீக்கர் 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. ஆனால், விதி இருப்பதும் விதியைக் கடைப்பிடிப்பதும் வேறு வேறு என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ‘8 ஓம்’ ஸ்பீக்கர்கள் அங்காடியில் உண்டு. எனவே, “மிகக் குறைந்த ஓம் எவ்வளவு?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம்.

ஆம்ப்ளிஃபயரின் தோள்வலிமையை எப்படி அறிவது? மிகச் சுலபம். 8 ஓமில் எத்தனை வாட், 4 ஓமில் எத்தனை வாட் என்று இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். 8 ஓமில் 50 வாட் கொடுக்கும் பெட்டி 4 ஓமில் 80 அல்லது 90 கொடுத்தால், கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்கும் தெம்பு அதற்கு உண்டு. 4 ஓமில் 55 என்றிருந்தாலோ, 4 ஓம் என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தாலோ, 8 ஓம் ஸ்பீக்கரோடு மட்டும் அதை வாழ விட வேண்டும். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்களில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கு உரிய முனையில் இணைத்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. கூடத்தில் ஒரு ஜோடி இருக்க, சமையலறைக்கும் பாட்டுக் கேட்கட்டும் என்று இரண்டாவது ஜோடியை அதே முனைகளில் சேர்த்து முடுக்குகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. 8 ஓமும் 8 ஓமும் இப்படிச் சேர்ந்தால் 16 ஆகாது; 4 ஆகிவிடும். இரண்டு 4 ஓம்கள் சேர்ந்தால் 2. அங்கே பெரும்பாலான பெட்டிகள் கையை விரித்துவிடும்.

சிறிய மாட்டைச் சாட்டையால் அடித்தால்

“பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும், சிறியதுதான் அபாயமில்லாதது” என்று ஓர் அபிப்பிராயம் வெகுவாகப் பரவியிருக்கிறது. இதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆபத்து.

சக்திக்கு மீறி வேலை கேட்டால் ஆம்ப்ளிஃபயர் “முடியாது” என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. தன்னால் எட்ட முடியாத அலையின் உச்சியை அரிவாளால் சீவியதுபோல் வெட்டிவிட்டு மீதியைக் கொடுக்கும். அலை உருண்டையாக இருந்தது போய், மேலே தட்டையாகிவிடுகிறது. அந்தத் தட்டை விளிம்புகளிலிருந்து, மூலத்தில் இல்லாத கீச்சொலிகள் ஏராளமாகப் பிறக்கின்றன. அவை ஸ்பீக்கரில் உள்ள சிறிய உறுப்பாகிய ‘ட்வீட்டரு’க்குப் போய்ச் சேர்கின்றன. ட்வீட்டரின் சுருள் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியால் ஆனது. சில வாட் வெப்பத்தைக் கூட அதனால் நெடுநேரம் பொறுக்க முடியாது. 20 வாட் பெட்டியைக் கல்யாண வீட்டில் இரவு முழுவதும் முழு மூச்சில் அலற விட்டால், மறுநாள் காலையில் ஸ்பீக்கர் பேசும்; ஆனால் தாளத்தின் ‘கிணிங்’ ஒலி மட்டும் காணாமற் போயிருக்கும்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் எப்போதுமே காப்பு என்றும் சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் என்பவர் நடத்திய கம்பெனி 1957-ல் ‘குவாட்’ எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரை வெளியிட்டது. அதில் காகிதக் கூம்பே கிடையாது. மெல்லிய ஒரு படலம் மின்னழுத்தத்தால் அசைந்து பாடும். அதே கம்பெனியின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரோடு அது மிக இன்பமாக இசைந்தது. பிற்காலத்தில் வாட் மோகம் கொண்டவர்கள் பெரிய ஆம்ப்ளிஃபயர்களைக் கொண்டு அதை விரட்டினார்கள். உள்ளே மின்பொறி பாய்ந்து படலம் பழுதாயிற்று. அந்த ஸ்பீக்கரின் ஓமும் சுருதி ஏற ஏற இறங்கிக்கொண்டே போய் 2-க்கு அருகில் வந்துவிடும். அதனால் ஒத்துக்கொள்ளாத ஆம்ப்ளிஃபயர்களும் திணறின. தவறு வண்டியிலும் இல்லை, மாட்டிலும் இல்லை, பூட்டியவரிடம் இருந்தது.

ஒரு நண்பரின் அனுபவம்

நம் தெருவில் ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அவருடைய தமையனார் முப்பது வருஷம் லண்டனில் உத்தியோகம் பார்த்துச் சென்ற வருஷம் காலமானார். அவர் வாழ்நாள் முழுவதும் பாட்டுக் கேட்ட அந்த எல்.எஸ். 3/5ஏ ஜோடி கப்பலில் ஏறித் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதோடு இருந்த ஆம்ப்ளிஃபயர் வரவில்லை. நண்பர் கடைக்குப் போனார். கடைக்காரர் சினிமா பார்ப்பதற்கென்று செய்த ஏழு வழிப் பெட்டி ஒன்றைக் காட்டி, “ஒவ்வொரு வழிக்கும் 150 வாட், சார்! இனிமேல் வேறொன்றும் தேவையே இருக்காது” என்றாராம். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த தொகை முழுவதும் அதற்குச் சரியாக இருந்தது.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பு நண்பரின் மனைவியார் ஒரு வார்த்தை சொன்னார்: “பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் அண்ணா கேட்டது கெட்டுப்போனால் எந்தக் கடையில் வாங்குவீர்கள்?” அதன் பேரிலேயே நண்பர் நம் வீட்டுக்கு வந்தார். அம்மாளின் கேள்வி நியாயமானது. அந்த ஸ்பீக்கரின் அசல் உறுப்புகள் வெகு காலமாகச் செய்யப்படுவதில்லை.

அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தப் பழைய ஜோடி 15 ஓம். 8 ஓமில் 50 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் அதே மின்னழுத்தத்தில் 15 ஓமுக்குக் கொடுப்பது சுமார் 27 வாட்டே. ஸ்பீக்கரோ அதிகம் தாங்காத ஜாதி. ஆகவே 27 வாட் அதற்கு உடம்புக்கு ஒத்துக்கொண்ட ஆகாரம். அவருடைய சிறிய அறையில், எட்டடி தூரத்தில், அதனால் எழும் உச்ச ஒலி 95 டெசிபலை எட்டும். தமையனார் வீட்டிலிருந்து வந்த பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்க அதற்கு மேல் எதற்கு? ஏழு வழிப் பெட்டியில் ஐந்து வழிகள் என்றென்றைக்கும் சும்மா கிடந்திருக்கும். நண்பர் 50 வாட் உள்ள சாதாரண இரண்டு வழி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினார். மீதிப் பணத்தில் ஒரு கனத்த ஜமக்காளமும் ஜன்னல்களுக்குத் திரைகளும் வாங்கினார். மொசைக் தரையும் வெறுஞ்சுவருமாக இருந்த அந்த அறை அதுவரை பாட்டின் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தரம் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு தரம் சொல்கிறது.

வாட்டும் வாய்மையும்

இனி ‘யோக்கியம்’ என்ற சொல்லுக்கு வருவோம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாட்டெல்லாம் வாட்டல்ல. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் கடைவீதிகளில் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற நான்கு எழுத்து மந்திரத்தோடு 1000 வாட், 2000 வாட் என்று விளம்பரம் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியோர் அளவுக்கு எந்த நிர்ணயமும் கிடையாது. பெட்டியின் பின்பக்கத்தில், “மின்சாரச் செலவு 30 வாட்” என்று பொடி எழுத்தில் இருக்கும். 30 வாட் உள்ளே போய் 1000 வாட் வெளியே வருமானால், அந்தப் பெட்டியில் பாட்டு எதற்கு? ஊருக்கே விளக்கெரிக்கலாம்.

இந்தப் பொய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இது மிஞ்சிப் போனதால், 1974-ல் மத்திய வர்த்தகக் கமிஷனார் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களுக்கென்றே ஒரு விதி செய்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2024-ல், அதை மேலும் இறுக்கினார்கள். வாட் எண்ணை விளம்பரம் செய்கிறவர், 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையில் உள்ள எல்லாச் சுருதிகளிலும், திரிபு நூற்றுக்கு 1-க்குள் இருக்கும்படி அளந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நம் வாசகர்களும் இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சுருதியில், 10 சதவீதத் திரிபில், ஒரே ஒரு வழியை மட்டும் ஓட்டி அளந்த ‘150 வாட்’, இந்த உரைகல்லில் உரைத்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1978-ல் வெளிவந்த ‘என்.ஏ.டி. 3020’ என்ற ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் ஆடம்பரம் எதுவும் இல்லை, விலையும் குறைவு. கம்பெனியார் உரிமை கொண்டாடியது 20 வாட் மட்டுமே. ஆனால், மிருதங்க அடி போன்ற கண நேர உச்சிகளில் அதைவிட அதிகம் கொடுக்கவும், ஓம் குறைந்த ஸ்பீக்கர்களைத் தாங்கவும் தக்கபடி அதன் உள்ளமைப்பு இருந்தது. பெரிய எண்கள் பொறித்த பெட்டிகள் பல அதன் முன்னால் தலைகுனிந்தன. சொன்னதைச் செய்த 20 வாட், சொல்லாததையும் செய்தது.

கடைக்குப் போகும்போது

ஆகவே, ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் ஸ்பீக்கரின் உணர்திறனையும் ஓமையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளட்டும். இன்னும் ஸ்பீக்கரே வாங்கவில்லை என்றால், அதை முதலில் தேர்ந்தெடுக்கட்டும். கேட்கும் குரலின் சாயலைப் பெரிதும் தீர்மானிப்பது ஸ்பீக்கரும் அறையுமே. இரண்டாவதாக, அறையின் நீள அகலத்தையும் தாங்கள் உட்காரும் தூரத்தையும் எழுதிக்கொள்ளட்டும். மூன்றாவதாக, 8 ஓமிலும் 4 ஓமிலும் தொடர்ந்து கொடுக்கும் வாட் எவ்வளவு என்று கேட்கட்டும். விடை வராவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கட்டும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது உரக்கக் கேட்டு மயங்க வேண்டாம். முதலில் பாட்டில்லாமல் ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துப் பாருங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சலோ, ‘ம்ம்’ என்ற முனகலோ அதிகம் கேட்கக் கூடாது. உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கர் இந்தக் குறையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு, நன்கு பழகிய ஒரு குரலை மிகத் தணிந்த ஒலியில் வைத்துக் கேளுங்கள். அவ்வளவு தணிவிலும் தம்புரா மறையாமல், வார்த்தை புரிந்தால், பொருத்தம் நன்றாயிருக்கிறது. குமிழைக் கால் பங்கு திருப்பியதுமே சத்தம் கிளம்புவதைக் கண்டு, “இன்னும் முக்கால் பங்கு சக்தி மிச்சமிருக்கிறது!” என்று எண்ணிவிடாதீர்கள். குமிழ் என்பது மதகின் கதவு. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அது சொல்லாது. இன்றைய இசைக் கருவிகள் பல, குமிழ் பாதி தூரம் போவதற்குள் ஆம்ப்ளிஃபயரின் முழுச் சக்தியையும் வாங்கிவிடுகின்றன.

முற்காலத்தில் ஆம்ப்ளிஃபயரைக் கையால் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது என்று சொல்வார்கள். ‘கிளாஸ் டி’ என்ற புது வகை பரவிய பின்னர் அந்தச் சோதனை பலிக்காது. அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சங்கீதமாகவே கொடுத்துவிடுவதால், வெப்பமும் குறைவு, கனமும் குறைவு. பழைய வகைகளோ சூட்டைக் கக்கும். சித்திரை வெயிலில் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி, மேலே பூ வேலை செய்த துணியையும் போர்த்தி வைத்தால், அதன் ஆயுள் குறையும். மேலும் கீழும் காற்றோட்டம் விடுங்கள். ஸ்பீக்கர் கம்பியில் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முடுக்குங்கள். ஒன்று மாறினாலும் கீழ்ஸ்தாயி மெலிந்துவிடும். சற்றுப் பருமனான சாதாரணச் செப்புக் கம்பியே போதும். கம்பிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

“இத்தனை கணக்கு நம்மால் ஆகாது” என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே வைத்துச் செய்த ஸ்பீக்கர்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. ரைஸும் கெல்லாக்கும் செய்ததுபோல, வண்டியையும் மாட்டையும் ஒரே கைகள் பார்த்துப் பூட்டியவை அவை. ஓமும் வாட்டும் செய்தவர் பொறுப்பு. கேட்பது மட்டும் நம் பொறுப்பு. ஆனால், வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஒன்று இருக்குமானால், அதைத் தள்ளிவிட வேண்டாம். அதன் பின்புறத்தைத் திருப்பி, தூசியைத் துடைத்து, அங்கே பொறித்திருக்கும் எண்களை முதலில் படியுங்கள்.